சமைத்தவருக்கும் ஓர் இலை

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுப் புறப்படுகின்றவர்கள் வீட்டை விட்டு வருகின்றனர்; நிலபுலத்தை விட்டு வருகின்றனர்; கோயிலையும் குளத்தையும் உற்றாரையும் விட்டு வருகின்றனர். நாவை மட்டும் அங்கேயே விட்டு வர எவராலும் இயலுவதில்லை. வந்த இடத்தில் மொழி பழகிவிடுகிறது, குளிர் பழகிவிடுகிறது, பேருந்து எண்களும் பழகிவிடுகின்றன. நாவோ எத்தனை ஆண்டு கழிந்தாலும் ஒரு கரண்டி ரசத்துக்கு ஏங்கிக்கொண்டே இருக்கும். தலைநகராம் தில்லியில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்தின் கதையையும் அதன் அடுக்களையிலிருந்து தொடங்கிச் சொல்லிவிடலாம்.

தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதியதாகப் புனையப்படும் செய்யுளைத் தொல்காப்பியர் 'விருந்து' என்றே வழங்கினார். வாயிலில் வந்து நிற்கும் புதியவரே அந்நாளில் விருந்தினர். அவரைப் பேணுதற்கென்றே வள்ளுவர் இல்லறவியலில் ஓர் அதிகாரம் வகுத்தார். சுற்றத்தைத் தழுவுதற்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். புலம்பெயர்ந்த நம்மைப் போன்றோரின் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. பெற்ற தாய் பிள்ளையின் வீட்டுக்கு விருந்தாக வருகிறார். பிள்ளைகள் பிறந்த வீட்டுக்கு விருந்தாகப் போகின்றனர். சுற்றமே விருந்தாகிவிட்ட இக்காலத்தில், அன்புடையார் ஒருங்கு கூடி உண்பதற்கு நமக்கு வாய்த்திருப்பவை விடுமுறை நாட்களே. எனவே அந்நாட்களில் வீட்டில் எப்படிச் சமைக்கிறோம், வெளியே எப்படி உண்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எம்போன்றோர்க்கு ஆண்டு பிறக்கும் முன்னரே விடுமுறைப் பட்டியல் கைக்கு வந்துவிடும். தில்லியிலுள்ள நிர்வாக அலுவலகங்களுக்கு ஆண்டுக்கு 17 பொது விடுமுறைகள். அவையன்றி ஒவ்வோர் ஊழியரும் தாமே தேர்ந்துகொள்ளும் வரையறுக்கப்பட்ட விடுப்புகள் 2. மேலும், 1985-ஆம் ஆண்டு முதல் சனி, ஞாயிறு இரண்டும் ஓய்வு நாட்கள். தசராவுக்கு அலுவலகம் தானே கதவடைக்கும், பொங்கலுக்கு அடைப்பதில்லை. பொங்கல், அந்த இரண்டில் ஒன்றாக நாமே கேட்டுப் பெற வேண்டிய நாள். ஆண்டுதோறும் சனவரியின் முதல் வாரத்திலேயே அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். கேட்டுப் பெற்ற விடுப்பாதலின் அதன் அருமையும் மிகுதி போலும்!

அலுவலகத்துக்கு இவ்வாறு பட்டியல் உண்டு. அடுக்களைக்கு அத்தகைய பட்டியல் எதுவும் இல்லை. அலுவலகத்துக்கு விடுமுறை என்றால் அடுக்களைக்கு வேலை இரட்டிப்பாகும். எல்லோரும் ஓய்ந்திருக்கும் நாளில் ஒருவர் மட்டும் ஓய்வின்றி நிற்கின்ற இடம் அது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்லப் புகுந்தது முழுவதும் அந்த ஒருவரைப் பற்றியதே.

முதலில் வீட்டுச் சமையல். தில்லியில் தமிழ்ச் சமையல் என்பது பாதி சமையல், பாதி தேடல். சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாழையிலையும் வேண்டுமாயின் ஐ.என்.ஏ. சந்தைக்குப் போக வேண்டும். அங்குள்ள கேரளக் கடைகளே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எங்களைப் பல முறை காப்பாற்றியவை. பொங்கலன்று எங்கள் பக்கத்தில் கிழங்கு வகைகளைப் படைத்துச் சமைப்பது மரபு. சேனையும் சேம்பும் எங்கும் கிடைக்கும். சிறுகிழங்குக்கு எங்கே போவது? மலையாளிகள் அதனைக் 'கூர்க்க' என்பர். அந்தச் சொல்லை அறிந்துகொண்ட பிறகே தில்லியில் எங்கள் பொங்கல் நிறைவு பெற்றது எனலாம். மண் ஒட்டிய அக்கிழங்கைச் சாக்கில் இட்டுத் தேய்த்துத் தோல் நீக்கும்போது எழும் மணம், அந்த இரண்டறைக் குடியிருப்பைச் சிறிது நேரம் அம்பாசமுத்திரத்துக்கே கொண்டு போய் வைத்துவிடும்.

இட்லியின் கதை வேறு. இட்லி அரிசி கிடைக்காத நாளில் இங்குள்ள சேலா அரிசியைக் கொண்டு சமாளிக்கிறோம். 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து என்னும் கணக்கு எவ்வூருக்கும் பொது. ஆனால் புளிக்கும் நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஊரில் இரவு அரைத்து வைத்த மாவு விடிகாலையில் பொங்கி நிற்கும். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு 30 பாகை அளவிலான வெப்பம் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தில்லியின் இரவு 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தாலும் மாவு அசையாமல் கிடக்கும். அதற்கு வெந்தயம் சேர்த்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, பருத்தி மெத்தைப் போர்வையாகிய ரஜாயின் நடுவே படுக்க வைக்க வேண்டும். குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் முதல் ரஜாய் மாவுப் பாத்திரத்துக்கு, எஞ்சியவையே மனிதருக்கு.

இனி வெளியே உண்பது. நாங்கள் சிறுவராய் இருந்த காலத்தில் 'ஓட்டலுக்குப் போதல்' என்பது பண்டிகைக்கு நிகரானது. சந்தைக்கோ நீதிமன்றத்துக்கோ திருநெல்வேலி சென்று வரும் அப்பா அங்கே சிற்றுண்டி உண்பார். வீட்டுக்கு ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வருவார். அம்மா ஓட்டலில் உண்டதாக நினைவில்லை. சித்திரை விசுவன்று பாபநாசத்துக்குக் குடும்பமாகப் போவோம். அங்கும் கட்டுச்சோறுதான். எல்லோரும் தாமிரபரணியில் முழுகிக் களித்திருக்கும்போது, அம்மா கரையில் அமர்ந்து புளியோதரை மூட்டையைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொண்டிருப்பார். நீராடி வந்தவர்களுக்கெல்லாம் இலை கிள்ளிப் போட்டுப் பரிமாறிய பின்பு, அடியில் எஞ்சியதை எடுத்துக்கொள்வார். விடுமுறைப் பயணத்திலும் அவர் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அடுக்களைதான் அவரோடு ஆற்றங்கரைக்கு வந்தது.

தில்லியில் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கோ வெளியே உண்பது அத்துணை வியப்பான செய்தியன்று. இந்நகரம் ஓர் உண்ணும் நகரம். சாந்தினி சௌக்கில் பராட்டாக்களுக்கென்றே ஒரு சந்து இருக்கிறது. பெங்காலி மார்க்கெட்டில் சோலே பட்டூராவுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தை ஞாயிறு காலையில் காணலாம். மோகன்சிங் பிளேஸ் மாடியில், தொழிலாளர் கூட்டுறவால் நடத்தப்பெறும் இந்தியன் காபி ஹவுஸ் எழுத்தர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் பொதுவான புகலிடம். சென்னை கே.கே. நகரில் 1981-இல் தொடங்கிய சரவண பவனும் கன்னாட் பிளேஸ் வரை வந்து சேர்ந்தது. அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவன் உணவகமோ தெலுங்கருக்கு மட்டுமன்றி அரிசிச்சோற்றை விரும்பும் அனைவருக்கும் தாய்வீடு.

ஆயினும் எழுத்தர் சம்பளத்தில் இவையெல்லாம் நினைத்தபோது நிகழ்வன அல்ல. தீபாவளியை ஒட்டி எங்களைப் போன்ற கடைநிலை, இடைநிலை ஊழியர்களுக்கு 30 நாள் ஊதியத்துக்கு ஈடான போனசு வழங்குவார்கள். 30 நாள் ஊதியம் என்பது சொல்லளவில்தான். மாதத்துக்கு 7,000 ரூபாய் என்னும் உச்சவரம்பை வைத்துக் கணக்கிடுவதால், கைக்கு வருவது 6,908 ரூபாய். அதில் பிள்ளைகளின் புத்தாடைக்கு ஒரு பங்கும் பலகாரத்துக்கு ஒரு பங்கும் போக, வெளியே சென்று உண்பதற்கென்று ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து வைப்பது எங்கள் இல்லத்தரசியார் ஏற்படுத்திய நியமம்.

2018-ஆம் ஆண்டு ஐப்பசியில் அம்மா முதன்முறையாகத் தில்லிக்கு வந்தார். அப்பா மறைந்த பின்பு ஊரில் தனியே இருந்தவர். திருக்குறள் விரைவு வண்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து நிசாமுதீன் நிலையத்தில் இறங்கியபோது, அவர் கையில் இருந்த பையில் மாற்றுப் புடவைகளைக் காட்டிலும் மிளகாய்ப்பொடியும் வடகமும் கருப்பட்டியுமே மிகுதி. பிள்ளைகள் 'ஆச்சி, ஆச்சி' என்று கையைப் பற்றிக்கொண்டனர். வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் அவர் நேரே சென்ற இடம் அடுக்களை. "நாளைக்கு என்ன சமையல், மருமகளே?" என்பதே அவர் இங்குக் கேட்ட முதற்கேள்வி.

அவ்வாண்டில் தீபாவளி இரண்டு நாட்களாக வந்தது. நரக சதுர்த்தசியை விடியலில் கொண்டாடும் தமிழருக்கு நவம்பர் 6. அமாவாசை இரவில் இலக்குமி பூசை செய்யும் வடநாட்டாருக்கு நவம்பர் 7. அலுவலகத்துக்கு 7-ஆம் நாளே விடுமுறை. வரையறுக்கப்பட்ட விடுப்பு ஒன்றை 6-ஆம் நாளுக்கு எழுதிக் கொடுத்தோம். ஆக, ஒரே வீட்டில் இரண்டு தீபாவளி! முதல் நாள் எண்ணெய்க் குளியலும், சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வெல்லத்தில் கிளறிய லேகியமும். மறுநாள் மாலை அக்கம்பக்கத்தாரின் அகல் விளக்கு வரிசை.

அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அம்மா அதிரசத்துக்கு ஆயத்தமானார். ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் சற்றே இருக்கும்போது இடித்துச் சலிக்க வேண்டும். முற்றும் காய்ந்தால் அதிரசம் கல்லாகும்; ஈரம் கூடினால் எண்ணெயில் பிரிந்து போகும். ஊரில் உலர ஒரு மணி நேரம் ஆகும் அரிசி, தில்லியின் வறண்ட காற்றில் அரை மணியிலேயே காய்ந்து வருவதை அம்மா முதல் நாளே கண்டுகொண்டார். அரிசியைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்து, "இந்த ஊர்க் காத்து அவசரக்காரக் காத்து" என்றார். எழுபத்தைந்து வயதில், முன்பின் அறியாத ஓர் ஊரின் காற்றை உள்ளங்கையால் அளந்துவிட்ட அந்த அறிவு எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது?

அதிரசமும் தேன்குழலும் சுசியமும் அண்டை வீடுகளுக்குத் தட்டுகளில் சென்றன. பஞ்சாபியர் வீட்டிலிருந்து மட்ரியும் குஜியாவும் வந்தன. வங்காளியர் வீட்டிலிருந்து சந்தேஷ் வந்தது. அயலார் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை என்பது அவர்களிடத்தும் உள்ள வழக்கம் என்று கண்டபோது அம்மாவுக்குத் தில்லி பாதி சொந்த ஊராகிவிட்டது. பிள்ளைகள் விரும்பி உண்ணும் ராஜ்மாவையும் சுவைத்துப் பார்த்தார். "நம்ம தட்டைப்பயத்துக்கு அண்ணன்" என்று உறவு முறை கண்டு சொல்லி, அடுத்த முறை அதில் சிறிது தேங்காயை அரைத்து ஊற்றினார். பிள்ளைகள் இன்றளவும் அதனை 'ஆச்சி ராஜ்மா' என்றே வழங்குகின்றனர்.

இவ்வளவு நாட்களிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. எல்லோரும் உண்ட பின்பே அம்மா உண்பார். அவருக்குத் துணையாக இல்லத்தரசியாரும் காத்திருப்பார். அழைத்தால், "நீங்க சாப்பிடுங்க, தோசை ஆறிடும்" என்ற விடையே வரும். பலர் கூடிய வீட்டில் தோசைக்கல்லின் முன் நிற்பவர் உடன் அமர்ந்து உண்பது நடவாத செயல். கல் ஒன்று, ஒரு வேளைக்கு இருபது தோசை, ஒவ்வொன்றும் சூடாகத் தட்டில் விழ வேண்டும். இது எவருடைய கொடுமையும் அன்று. அந்தப் பலகாரத்தின் இயல்பே அப்படி. நமது சமையலின் சிறந்த பண்டங்களிற் பல, வடையாயினும் பூரியாயினும், ஒருவர் நின்றால்தான் மற்றவர் சுவைக்க முடியும் என்னும் வகையைச் சேர்ந்தவை.

அந்த வாரச் சனிக்கிழமை, நவம்பர் 10, அம்மாவை ஆந்திர பவனுக்கு அழைத்துச் சென்றோம். "வீட்டில் அரிசி இல்லையா?" என்று முதலில் மறுத்தார். "பண்டிகைக்கு அடுப்பும் பாடுபட்டது, ஆச்சி, அதற்கு ஒரு நாள் லீவு" என்று பேத்தி சொன்ன நியாயம் பலித்தது. வரிசையில் நின்று சீட்டு வாங்கி உள்ளே சென்றோம். எவர்சில்வர்த் தட்டுகள், அவற்றில் கிண்ணங்கள், மேசை மேல் பருப்புப்பொடியும் ஊறுகாயும். வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுவோர் வரிசைகளுக்கிடையே விரைந்துகொண்டிருந்தனர். கல்யாணப் பந்தியின் அதே ஓட்டம்.

அம்மாவின் கைகள் சிறிது நேரம் எதையோ தேடின. பேரனின் தட்டில் சோறு குறைவதைக் கண்டதும் எழப் போனார். அதற்குள் பரிமாறுபவர் வந்து பேரனுக்கும் இட்டு, "அம்மா, அன்னம்?" என்று அவர் தட்டிலும் ஆவி பறக்கும் சோற்றை இட்டு நெய் வார்த்தார். அம்மா உட்கார்ந்தார். பொடியைப் பிசைந்து ஒரு கவளம் உண்டார். பின்பு பப்பு, பின்பு புளுசு, பின்பு ரசம். "புளி ஒரு பங்கு கூடுதல்" என்று ரசத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதினார். தயிருக்கு வந்தபோது தலை நிமிர்ந்து, "எய்யா, சோறு சூடா இருக்கும்போதே நான் சாப்பிட்டு எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா?" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை; வியப்பாகவே சொன்னார். அதைக் கேட்டு அருகில் இருந்த மருமகள் சிரித்தார். அச்சிரிப்பு ஒரு தீர்மானத்தை வழிமொழிவது போல இருந்தது. இருவரும் அன்று நெடுநேரம் பேசிக்கொண்டே உண்டனர். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் அமர்ந்து, மூன்றாம் முறை சோறு வாங்கி உண்ட காட்சி எங்கள் குடும்பத்தில் அன்றுதான் நிகழ்ந்தது. உணவின் சுவையைக் கேட்டால், வீட்டுச் சமையலுக்கு அது ஈடாகாது என்றே இருவரும் சொல்வர். ஆனால் வீட்டுச் சமையல் தர இயலாத ஒன்றை அந்த மேசை தந்தது: சமைப்பவருக்கும் பந்தியில் ஓர் இடம்.

எழுந்து கைகழுவிய பின்பு அம்மா, பரிமாறியவரிடம் திரும்பிப் போய், "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் சிறிது தெரிந்திருந்தது. "மூணு மணிக்கு, அம்மா" என்று சிரித்தார். வெளியே வரும்போது அம்மா, "நமக்குப் பதிலா அவங்க நிக்கிறாங்க" என்று மெல்லச் சொன்னார். வெளியே உண்பதால் நிற்பவர் இல்லாமற் போய்விடவில்லை. நிற்பவர் மாறுகிறார், அவ்வளவே. அவருக்கு ஊதியம் உண்டு, முறைவேளை உண்டு, வார ஓய்வும் உண்டு என்பது வேற்றுமை. எனினும் பந்தியில் அமர்ந்திருப்பவர் நிற்பவரை ஒரு முறை 'உண்டீரா?' என்று கேட்பது, காசு கொடுத்து உண்ணும் இடத்திலும் வழுவக் கூடாத பண்பு என்பதை அம்மா அன்று பிள்ளைகளுக்குச் சொல்லாமற் சொல்லிக் கொடுத்தார்.

அன்று இரவே வீட்டில் ஒரு விதி இயற்றப்பட்டது. பெரும்பண்டிகைக்கு மறுநாளோ அவ்வாரச் சனிக்கிழமையோ அடுப்பு மூட்டுவதில்லை. பண்டிகையன்றோ சமைத்தவர்கள் முதற்பந்தியில் அமர வேண்டும். இரண்டாவது பகுதிக்கு அம்மா இசையவில்லை. "பரிமாற ஆள் இல்லாத பந்தி உண்டா?" என்று கேட்டார். "நான் பரிமாறுகிறேன், ஆச்சி" என்றான் அப்போது எட்டு வயதான பேரன்.

2019 சனவரி 15. பொங்கல் நாள். நுனி இலைகளின் நுனி, உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று தொடங்கிப் பேரனுக்குப் பாடம் நடந்தது. இலையில் முதலில் உப்பு, பின்பு கூட்டும் கிழங்கும் பச்சடியும், அப்பளம் அதற்கென்று உள்ள இடத்தில், பிறகே சோறு, சோற்றின் மேல் பருப்பும் நெய்யும். கரண்டியை இலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக் கொட்டலாகாது. தாழ்த்தி, நோகாமல் இட வேண்டும். வேண்டுமா என்று கேட்பதற்கு முன் இலையைப் பார்க்க வேண்டும். ஐம்பதாண்டுப் பந்திகளின் கல்வி அரை மணி நேரத்தில் கைமாறியது. அம்மாவும் மருமகளும் பேத்தியும் முதலில் அமர்ந்தனர். சிறுகிழங்குப் பொரியல் சற்றே சிந்தியது. சாம்பார் இலையின் எல்லையைத் தாண்டியது. "எய்யா, நல்லாப் பரிமாறுதே" என்று ஆச்சி வாழ்த்தியபோது, தில்லியின் அவ்வாண்டுக் குளிர் சிறிது குறைந்தாற்போல் இருந்தது.

தை கழிந்து அம்மா ஊர் திரும்பினார். சொந்த ஊர்ப் பயணச் சலுகையில் மறு ஆண்டு கோடையில் நாங்கள் செல்வதாக ஏற்பாடு. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. வண்டிகள் நின்றன, உணவு விடுதிகளின் கதவுகள் அடைபட்டன. தில்லியின் தெருக்கள் அவ்வளவு வெறுமையாய் இருந்ததை நாங்கள் கண்டதில்லை. வெளியே உண்பது என்பதே இல்லாத அந்நாட்களில், அம்மாவின் அடுக்களை தொலைபேசி வழியே எங்கள் வீட்டுக்கு வந்தது.

மாலைதோறும் பேத்தி கேட்க, ஆச்சி சொல்லுவார். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறு, சொதி என்று ஒவ்வொன்றாக வந்தன. அளவுகள்தாம் சிக்கல். ஆச்சியின் கணக்கு ஆழாக்கும் உழக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி லிட்டர் என்று கண்டறிந்து, அதற்கேற்ற ஒரு குவளையைத் தேடி எடுத்து, அதன் மேல் 'ஆச்சி ஆழாக்கு' என்று எழுதி ஒட்டினாள் பேத்தி. உப்புக்கும் காரத்துக்கும் மட்டும் அளவு சொல்ல ஆச்சிக்கு வரவில்லை. "உன் கை சொல்லும்" என்பார். தொலைபேசியை வைக்கும் முன், "அம்மை உக்காந்து சாப்பிட்டாளா?" என்று கேட்காத நாள் இல்லை. தம் மருமகளைப் பற்றிய கேள்வி அது.

2021-இல் அம்மா இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்து உறவினர் உண்ண அமர்ந்தபோது, அவருடைய பேரன் எவரும் ஏவாமலேயே வாளியை எடுத்துக்கொண்டான். அடுக்களையில் நின்ற அத்தைமாரையும் சமையலுக்கு உதவ வந்த பெண்களையும் முதலில் இலை முன் அமரச் சொன்னான். பதினோரு வயதுப் பிள்ளை சொல்லைத் தட்ட மாட்டாமல் அவர்கள் கூச்சத்தோடு அமர்ந்தனர். சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. எங்களில் எவராலும் சிறிது நேரம் பேச முடியவில்லை.

இன்று மகள் வேற்றூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது அவளும் இவ்வீட்டுக்கு விருந்தாகவே வருகிறாள். 'ஆச்சி ஆழாக்கு' அவளோடு போய்விட்டது. ஐப்பசி வரும்போது திரும்பி வரும். அதிரச மாவைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்க்கும் பொறுப்பு அவளுடையது. பண்டிகைக்குப் பின்வரும் சனிக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை என்னும் விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. போனசு கைக்கு வரத் தாமதமாகும் ஆண்டுகளில் பெரிய உணவு விடுதி, தெருமுனைக் கடையாகச் சுருங்கும், விதி சுருங்காது.

அன்பர்களே! வீட்டுச் சமையலா, வெளியுணவா என்று வழக்காடுவது நம் வீடுகளில் வாடிக்கை. இல்லத்துச் சோற்றின் தூய்மையும் பக்குவமும் வேறெங்கும் கிடையா என்பதில் ஐயமில்லை. நம் பிள்ளைகள் தமிழராய் வளர்வதில் பள்ளிக்கூடத் தமிழுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு வீட்டு ரசத்துக்கும் உண்டு. ஆனால் ஒரு வீட்டின் உணவை அளப்பதற்குச் சுவை மட்டும் போதாது. அது சூடாய் இருந்தபோது அமர்ந்திருந்தவர் யார், நின்றிருந்தவர் யார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். வெளியே சென்று உண்பதன் பயன், அந்த அளவை ஒரு நாளேனும் கண்முன் காட்டி, வீட்டுக்குத் திரும்பிய பின்பு அதன்படி இலை போடச் செய்வதே.

வரும் பொங்கலன்று நம் சங்கத்து உறுப்பினர் இல்லங்களில் எத்தனையோ பானைகள் பொங்கும். அதற்கு மறுநாள் எத்தனையோ குடும்பங்கள் கன்னாட் பிளேஸிலும் கரோல் பாக்கிலும் மேசை தேடி நிற்கும். இரண்டும் ஓங்குக! இலை போடும்போது மட்டும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: தலைகளை எண்ணி இலை வாங்குகின்றவர்கள், அடுப்பின் முன் நிற்கும் தலையையும் சேர்த்து எண்ணுக, அந்த இலையை முதலில் போடுக.